பந்தைத் தொடாத உத்தியோகம்

'கிளப்' என்றதும் நம்மில் சிலருக்குக் காபி கிளப்பும் ரவா தோசையும் ஞாபகத்துக்கு வரலாம். அது போகட்டும். நான் சொல்ல வந்தது கால்பந்து கிளப்பைப் பற்றி. அதிலும் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு, சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களின் இங்கிலாந்துக் கிளப்பைப் பற்றி. அங்கே படிப்பு முடியும் தறுவாயில் இருக்கும் பெண்கள் சிலர் ஒரு வேலைக்கு மனுப் போடுகிறார்கள். பந்து உதைக்க அல்ல. அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடவும் அல்ல. பத்திரிகைத் தொடர்புப் பிரிவில் பயிற்சி பெறுவதற்கு. 'இன்டர்ன்' என்று அதற்குப் பெயர். நம் தாத்தா காலத்து 'அப்ரண்டிஸ்'தான், வேறொன்றுமில்லை.

"பந்தாடுகிற இடத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று உங்கள் வீட்டுப் பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

காலையில் காரியாலயத்துக்கு வந்ததும், கிளப்பைப் பற்றி அன்று யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடித் தொகுக்க வேண்டும். முன்னே கத்திரிக்கோலும் கோந்தும் இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. புகழ்ந்து எழுதியதை மட்டும் பொறுக்கி மேலே அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. மேலதிகாரி முதலில் தேடுவது திட்டி எழுதியதைத்தான்.

ஆட்டம் சனிக்கிழமை என்றால் அநேகமாக வெள்ளிக்கிழமை நிருபர் கூட்டம். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்குகிறவரை அங்கே 'மானேஜர்' என்பார்கள். அவர் வந்து மேஜைக்குப் பின்னால் உட்காருகிறார். டெலிவிஷன்காரர்களுக்கும் ரேடியோக்காரர்களுக்கும் அவர் சொல்வது உடனே உலகமெல்லாம் போய்விடும். தினப் பத்திரிகைக்காரர்கள் பாவம், மறுநாள் காலையில் ஆறின காபியையா விற்பார்கள்? ஆகையால் அவர்களுக்கென்று தனியே கொஞ்ச நேரம் பேசுவார். அந்தப் பேச்சை இரவு 10.30 மணி வரை யாரும் வெளியிடக் கூடாது என்று ஏற்பாடு. சட்டம் ஒன்றுமில்லை, ஒருவரை ஒருவர் நம்பி நடக்கிற காரியம். பேசியதைப் பதிவுக் கருவியில் கேட்டு வார்த்தை பிசகாமல் தட்டெழுதிக் கொடுப்பது நம் அப்ரண்டிஸ் பெண்ணின் வேலை. "ஆடக்கூடும்" என்று மானேஜர் சொன்னதை "ஆடுவார்" என்று அடித்துவிட்டால் போதும், மறுநாள் தலைப்பே அதுதான்.

எப்போதும் இவ்வளவு விறைப்பாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2022-ல் இங்கிலாந்துப் பெண்கள் அணி வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற தினம், மானேஜர் சரீனா வீக்மன் நிருபர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்டக்காரிகள் பாட்டுப் பாடிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டார்கள். கோல் காக்கும் மேரி எர்ப்ஸ் மேஜை மேலேயே ஏறி ஆடினார்! ஒழுங்கு பார்க்க வேண்டிய அதிகாரிகள் அந்த நேரத்தில் என்னதான் செய்ய முடியும்?

ஆட்ட தினத்தன்று நிலைமை வேறு. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். சம்பந்தி வீட்டாருக்கு எந்த வரிசை, கோபக்கார மாமாவை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நிருபர் மாடத்தில் இந்தப் பெண்ணின் பாடும் அதுவே. யாருக்கு அனுமதிச் சீட்டு, யாருக்கு எந்த ஆசனம், மின்சார இணைப்பு இருக்கிறதா, இடைவேளையில் டீ வந்ததா? இதற்கெல்லாம் நடுவில் ஒரு காகிதம் அவள் கைக்கு வருகிறது.

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அன்று ஆடப் போகிற பதினொரு பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பு அதை ஊரறியச் சொல்வார்கள். அதுவரை ரகசியம். ஆனால் உள்ளே நடமாடுகிறவள் காதில் முன்கூட்டியே ஏதாவது விழாமல் இராது. யாருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, யார் அடுத்த மாதம் வேறு கிளப்புக்குப் போகப் போகிறார் என்பது உலகத்துக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரியும். வீட்டிலிருந்து அண்ணன் போன் பண்ணுகிறான். "நம்ம ஆள் இன்னிக்கு ஆடுறானா? என்கிட்ட மட்டும் சொல்லு." சொந்த அண்ணன்தானே, சொன்னால் என்ன?

சொல்லக் கூடாது. இங்கிலாந்தில் பந்தயம் கட்டுவது சட்டப்படி செல்லும். கடைத்தெருவிலேயே அதற்குக் கடை உண்டு. அதனால்தான் இந்தக் கெடுபிடி. தொழில்முறைக் கால்பந்தில் இருப்பவர்கள் உலகத்தில் எந்தக் கால்பந்து ஆட்டத்தின் மீதும் பந்தயம் கட்டக் கூடாது என்று 2014 ஆகஸ்டு முதல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் விதி இருக்கிறது. கட்டாமல் இருந்தால் மட்டும் போதாது. உள்விஷயத்தைப் பிறருக்குச் சொல்லி, அவர்கள் கட்டினாலும் குற்றம்தான். கீரன் ட்ரிப்பியர் என்ற பிரபல ஆட்டக்காரர் 2019-ல் ஸ்பெயினில் உள்ள கிளப்புக்கு மாறப் போவதைச் சிநேகிதர்களிடம் சொல்லியிருந்தார். அதை வைத்து அவர்கள் பந்தயம் கட்டினார்கள். 2020 டிசம்பரில் அவருக்குப் பத்து வாரம் ஆடத் தடையும் 70,000 பவுன் அபராதமும் விதித்தார்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அந்தக் கதி. இவளோ நேற்று வந்த அப்ரண்டிஸ். அண்ணன் கோபித்துக்கொண்டு போனை வைத்தால் வைத்துக்கொள்ளட்டும்!

ஆட்டம் முடிந்ததும் இன்னொரு வேடிக்கை. ஆட்டக்காரர்கள் பஸ்ஸுக்குப் போகிற வழியில் கயிறோ கம்பியோ கட்டியிருக்கும். ஒரு பக்கம் அவர்கள் நடப்பார்கள், மறு பக்கம் நிருபர்கள் நிற்பார்கள். தோற்ற அன்று பல பேருக்கு அந்த இடம் வரும்போதுதான் அவசரமாக டெலிபோன் பேச வேண்டியிருக்கும். மறுமுனையில் ஆள் இருப்பது நிச்சயமில்லை. யாரையாவது இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கூட்டி வா என்று இந்தப் பெண்ணைத்தான் அனுப்புவார்கள்.

அவள் யார் பக்கம், கிளப் பக்கமா, நிருபர் பக்கமா என்று நீங்கள் கேட்கலாம். சம்பளம் கொடுப்பது கிளப். ஆனாலும் கதவு எப்போதும் சாத்தியே கிடந்தால் அவளுக்கு வேலையே இல்லை. நானும் பத்திரிகைக்காரிதான். பிடிக்காததை எழுதினான் என்பதற்காக நிருபருக்குக் கதவைச் சாத்துகிற கிளப்புகளைக் கண்டால் எனக்கு ஆகாது. மாஞ்செஸ்டர் யுனைடெட்டின் புகழ்பெற்ற மானேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன், தம் மகனைப் பற்றி பி.பி.சி. 2004-ல் காட்டிய படத்தினால் கோபம் கொண்டு, 2011 வரை அந்த ஸ்தாபனத்துக்குப் பேட்டியே கொடுக்கவில்லை. ஏழு வருஷம்! உதவியாளர்களை அனுப்பிச் சமாளித்தார்கள். தகப்பனார் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஏழு வருஷம் அதிகம்தான்.

லிவர்பூல் விஷயம் அப்படியல்ல. 1989 ஏப்ரல் 15-ந் தேதி ஷெஃபீல்டில், ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஜன நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் மாண்டார்கள். கடைசியில் கணக்கு 97 பேர். நான்கு நாளைக்குப் பின் 'தி சன்' பத்திரிகை, செத்தவர்களின் பையிலிருந்து ரசிகர்களே திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. அத்தனையும் பொய். பிள்ளையைப் பறிகொடுத்த தாயார் காலையில் அதைப் படிக்க நேர்ந்தால் எப்படி இருந்திருக்கும்? பொய் என்று ஒரு விசாரணைக் குழு 2012-ல் நிலைநாட்டிய பிறகுதான் பத்திரிகை முழு மனசாக மன்னிப்புக் கேட்டது. 2016-ல் ஜூரிகள், அது விபத்தல்ல, சட்டவிரோதமாக நேர்ந்த மரணங்கள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2017 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் அந்தப் பத்திரிகையின் நிருபர்களுக்கு இனி இடமில்லை என்று கதவைச் சாத்தியது. அந்தக் கதவை நான் தட்டச் சொல்ல மாட்டேன்.

இனி சம்பள சமாசாரம். தாய்மார்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். 1998-ல் இயற்றிய குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி, இங்கிலாந்தில் உண்மையாக வேலை வாங்கினால் கூலி கொடுத்தாக வேண்டும். ஆனால் கல்லூரிப் படிப்பின் ஓர் அங்கமாக, ஓராண்டுக்கு மேற்படாமல் பயிற்சிக்கு வருகிற மாணவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. விளைவு என்ன? தகப்பனார் அறை வாடகை கட்டக்கூடிய பெண் உள்ளே நுழைந்து நாலு பேரைத் தெரிந்துகொள்கிறாள். மற்றவள் வெளியே நிற்கிறாள். 'அனுபவம் கிடைக்கிறதே' என்பார்கள். அனுபவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மளிகைக் கடைக்காரன் பருப்புப் போடுவானா? இரவு ஆட்டம் முடிந்து கடைசி நிருபர் எழுந்து போகும் வரை இருக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்பதையும் கையோடு கேட்டுக்கொள்வது நல்லது.

நிருபர் மாடத்தில் பெண்கள் உட்கார்ந்ததும் அவ்வளவு பழைய கதையல்ல. தேசியப் பத்திரிகை ஒன்றுக்காகக் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்து எழுதிய முதல் பெண்மணி ஜூலி வெல்ச். 'அப்சர்வர்' பத்திரிகை அவரை அனுப்பியது 1973-ல். பி.பி.சி.யின் 'மாட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சியில் ஒரு பெண்ணின் வர்ணனைக் குரல் கேட்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாக்கி ஓட்லி அவர் பெயர்.

ஆனால் கிளப் காரியாலயங்களுக்குள் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தார்கள். மாஞ்செஸ்டர் யுனைடெட்டில் ஆல்மா ஜார்ஜ் என்ற காரியதரிசி இருந்தார். 1958 பிப்ரவரி 6-ந் தேதி, பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பிய அணியின் விமானம் மூனிச்சில், உறைபனி கரைந்த ஓடுபாதையில் மூன்றாம் தடவை கிளம்ப முயன்றபோது நொறுங்கியது. 23 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். எட்டுப் பேர் பத்திரிகையாளர்கள். அந்த நாளில் கயிறு இல்லை, கம்பி இல்லை. எழுதுகிறவரும் ஆடுகிறவரும் ஒரே விமானத்தில் போய் வந்தார்கள். கிளப்பின் காரியதரிசி வால்டர் க்ரிக்மரும் போய்விட்டார். மானேஜர் பஸ்பி உயிருக்கு மன்றாடிக்கொண்டிருந்தார்.

பஸ்பியின் உதவியாளர் ஜிம்மி மர்ஃபி வேல்ஸ் அணியின் ஆட்டத்துக்காகக் கார்டிஃப் சென்றிருந்ததால் விமானத்தில் இல்லை. ஒன்றும் அறியாமல் காரியாலயத்துக்குள் நுழைந்தார். செய்தியைச் சொன்னவர் ஆல்மா ஜார்ஜ். மர்ஃபிக்கு அது மனசில் ஏறவில்லை. அந்த அம்மாள் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

ஆட்ட மலரில் பெயர்களைப் பிழை பார்ப்பது இன்றைய அப்ரண்டிஸுக்கும் உள்ள வேலைகளில் ஒன்று. அதனால் பழைய மலர் ஒன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். விபத்துக்குப் பின் முதல் ஆட்டம் பிப்ரவரி 19-ந் தேதி, ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியோடு. அச்சகத்தில் மலர் தயாராக வேண்டும். யார் ஆடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டான் க்ரௌதர் என்பவர் கையெழுத்திட்டு அணியில் சேர்ந்ததே ஆட்டம் தொடங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான். எதிர் அணியின் பெயர்கள் வழக்கம்போல் அச்சாகியிருந்தன. மாஞ்செஸ்டருக்கு உரிய பதினொரு இடங்களையும் வெற்றாக விட்டு மலரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாஞ்செஸ்டர் 3-0 என்று ஜெயித்தது.