எரிக்காத ஏடுகள்

தோழனே!

பரணிலே கிடக்கும் பழங்காகிதத்தை அடுப்பெரிக்க எடுக்குமுன், கணநேரம் கையை நிறுத்து. அமெரிக்க நாட்டிலே, மாசசூசெட்ஸ் மாநிலத்திலே, ஒரு குடும்பம் தன் காகிதங்களைக் காத்த கதை கேள். கேட்டபின் முடிவு செய்.

ஜான் ஆடம்ஸ், உழுதும் காலணி தைத்தும் பிழைத்த ஒருவரின் மகன். 1797 முதல் 1801 வரை அந்நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர். 1776-இல், பிலடெல்பியாப் பேரவையிலே விடுதலைக்காக வாதாடிக்கொண்டிருந்த நெருக்கடியிலும், கடையிலே பெரிய எழுதா ஏடொன்றை வாங்கினார். தாம் வரையும் கடிதங்களுக்குப் படி எடுக்கலானார். "என் கடிதங்களைக் கொளுத்திவிடுங்கள்" என மனைவி அபிகேயல் வேண்டியபோதும் அவர் இசையவில்லை. அதனாலன்றோ, அவ்விருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் 1,100-க்கு மேல் இன்றும் வாழ்கின்றன!

அவற்றில் இருப்பது புகழ்மாலை மட்டுமா? புதிய சட்டம் வகுக்கும்போது பெண்களை மறவாதீர் என்று 1776 மார்ச்சில் அபிகேயல் எழுதினார். சிரிப்புத்தான் வருகிறது என்று விடை விடுத்தார், மன்னனின் ஆட்சியை மறுத்த அந்த வீரர்! மனையாளின் உரிமைக் குரல் அவருக்கு நகைப்புக்குரியதாயிற்று. அதற்குச் சான்று அவரே வரைந்த மடல். குடும்பம் அதையும் கிழித்தெறியவில்லை.

மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் 12 வயதிலே நாட்குறிப்பைத் தொடங்கினார். 51 தொகுதிகள், 14,000 பக்கங்களுக்கு மேல்! அவரும் குடியரசுத் தலைவரானார். பதவி முடிந்தபின் பேரவை உறுப்பினராக அமர்ந்தார். அடிமை ஒழிப்பு மனுக்களை ஏறெடுத்தும் பாராதே என்று 1836-இல் அப்பேரவை பூட்டிய வாய்ப்பூட்டை, 8 ஆண்டு போராடி, 1844-இல் உடைத்தெறிந்தார்.

இனி, கொள்ளுப்பேரன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் எனும் இளையவர். உள்நாட்டுப் போரிலே வாளேந்தியவர். கறுப்பின வீரர்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் ஐந்தாவது குதிரைப்படையின் கர்னல். 1865 ஏப்ரல் 3 அன்று, அடிமை ஆட்சியின் தலைநகராயிருந்த ரிச்மண்டுக்குள் அப்படையை நடத்திச் சென்றார். எவரை விற்கச் சந்தை நடத்தினார்களோ, அந்த இனத்தின் மக்கள் குதிரைமீது நிமிர்ந்து நுழைந்தனர், அந்தச் சந்தை நகரிலே!

ஆனால் தோழனே, அந்தக் கர்னல் தம் வாழ்க்கை வரலாற்றிலே என்ன எழுதினார் தெரியுமா? கறுப்பினத்தார் குதிரைப்படைக்கு ஏற்றவரல்லர் என்று! அவர் மறைந்த மறு ஆண்டு, 1916-இல், அந்நூல் வெளிவந்தது. 1907-இலோ, எதிரணித் தளபதி லீயின் நூற்றாண்டு விழாவிலே நின்று அவரைப் போற்றி உரையாற்றினார்.

பிரெடரிக் டக்ளசின் மகன் சார்லசும் பணியாற்றிய படை அது. அதன் சாதாரண வீரன் என்ன நினைத்தான்? ரிச்மண்டின் தெருவிலே அவன் நெஞ்சம் எப்படித் துடித்தது? ஆடம்ஸ் குடும்பத்து ஏடுகளுக்கோ, குவின்சி நகரிலே 1870-இல் கல் நூலகம் எழுந்தது. 1905-இல் அறக்கட்டளை அமைந்தது. அரை நூற்றாண்டு வாரிசுகளின் காவலிலிருந்து, 1956-இல் அவை மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தின் உடைமையாயின. 608 நுண்படச் சுருள்களிலே அக்குடும்பம் பேசுகிறது. வீரனுக்குக் கல் நூலகம் கட்ட யார் இருந்தார்? ஆகவே, அவனைப்பற்றி அவனுடைய கர்னல் சொன்னதே உரத்துக் கேட்கிறது. ரத்தம் சிந்தியவன் ஒருவன். தீர்ப்பு எழுதியவன் வேறொருவன்!

மேட்டுக்குடிக்கு மட்டும் உரியதா ஏடு காக்கும் கலை? எழுதா ஏடு வாங்கக் கோடிப்பொருள் தேவையில்லை. கிளையின் நடவடிக்கைக் குறிப்பு, சிறையிலிருந்து வந்த மடல், மாநாட்டுத் துண்டறிக்கை, வசூல் கணக்கு... அனைத்தையும் நாளிட்டுக் கட்டி வை. நமக்கு இனிப்பதை மட்டும் வைத்துக் கசப்பதைக் கிழிக்காதே. அபிகேயலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் இருந்ததால்தான் ஆடம்சின் ஏட்டை உலகம் நம்புகிறது.

போராடத் தெரிந்த நமக்குப் பொத்தி வைக்கவும் தெரியவேண்டும். இல்லையேல் நாளை நம் கதையையும் ஒரு கர்னல் எழுதுவார்; நம் பேரப்பிள்ளைகள் அதையே வரலாறென்று படிப்பார்கள்!