காசு மெய்யா, போலியா?

கிரேக்கர் காசு தமிழ் மண்ணில் கிடைத்தது என்று கேட்டால் நமக்கு நெஞ்சு பூரிக்கிறது. பூரிக்கட்டும்! கரூரில், அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த கிரேக்கக் காசுகளை ஆராய்ந்து நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 2000-இல் நூலே எழுதினார். ஆயினும் தோழர்களே, பூரிப்பதற்கு முன் தராசை எடுங்கள் என்பேன்.

நான் வளர்ந்த போனக்காட்டு லயத்துக்கும் ஒரு கிரேக்கக் காசு வந்தது. ஒருபுறம் அத்தீனா தேவியின் தலை, மறுபுறம் ஆந்தை. புதையலில் எடுத்ததாம்! கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கினார் பக்கத்து வீட்டு அத்தை. அந்தப் பணம் திரும்பவே இல்லை.

ஏதென்ஸ் நகரத்தின் மெய்யான ஆந்தைக் காசு ஏறத்தாழ 17.2 கிராம் வெள்ளி. நூலில் கட்டி நீரில் அமிழ்த்தினால் எடை சுமார் 1.6 கிராம் குறையும். வெள்ளீயக் கலவையாயின் 2 கிராமுக்கு மேல் குறையும். இந்த வித்தையை உலகுக்குத் தந்த ஆர்க்கிமிடீசும் ஒரு கிரேக்கரே! அடுத்து, பூதக்கண்ணாடி. பழங்காசு சம்மட்டியால் அடித்தது. விளிம்பு வெடித்திருக்கும், உருவம் ஓரம் சாய்ந்திருக்கும். வார்த்த போலியிலோ குமிழிக் குழிகளும், விளிம்பைச் சுற்றி அரம் தேய்த்த தடமும் தெரியும். இரு காசுகளில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஓர் அச்சில் வார்த்த பிள்ளைகள்.

இவ்வளவும் போதுமா? போதாது. ஜெர்மனியில் பெக்கர் (1772–1830) என்றொரு கைகாரர் இருந்தார். நல்ல உலோகத்தில் அடித்தே போலி செய்தார். இரும்புத் தூளோடு பெட்டியிலிட்டு வண்டியில் குலுக்கிப் பழமையும் ஏற்றினார். அவரிடம் என் தராசு தோற்றிருக்கும்.

ஆகவே, எங்கே கிடைத்தது, எந்த மண்ணடுக்கில், எவற்றோடு என்ற கேள்விகளே முதன்மையானவை. அவற்றுக்கு விடையில்லாத காசு மெய்யேயானாலும் வரலாற்றுக்குப் பாதிச் சாட்சிதான். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்கச் சொல்கிறது. அவ்வாறு அறிவிக்காமல் வாசலில் விற்க வருபவனிடம் வேறென்ன சோதனை வேண்டும்?

நகல் செய்வது பாவமன்று. நகலென்று சொல்லாமல் விற்பதே பாவம். அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகற்காசில் 'நகல்' என்று பொறித்தாக வேண்டும். நம் சங்கக் கண்காட்சியில் பழங்காசு வைப்போர் எடையையும் கிடைத்த இடத்தையும் எழுதிய சீட்டைப் பக்கத்திலேயே வைக்கட்டும். சீட்டு இல்லாத காசுக்கு மேசையில் இடம் தர வேண்டாம்.