குற்றாலத்து அரண்மனையில் ஒரு கூடம் போதும்

சென்னையிலிருந்து சாரலுக்கு வந்த பேத்தி, ஐந்தருவியும் பழைய குற்றாலமும் குளித்து முடித்ததும், "வேற என்ன இருக்கு தாத்தா?" என்றாள். மறுநாள் ஞாயிறு. விடியுமுன்னே செங்கோட்டையிலிருந்து கிளம்பி, நெல்லை, நாகர்கோவில் வழியாகத் தக்கலை போய்ச் சேர்ந்தோம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதனால்தான் அந்த அவசரம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கறுப்புத் தரை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்ததாம். பேத்தி குனிந்து அதில் முகம் பார்த்தாள். ஊட்டுப்புரையில் ஒரு தளத்திலேயே ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றதும், "அத்தனை பாத்திரத்தையும் யார் கழுவுனா?" என்றாள். எந்தச் சரித்திரப் புத்தகமும் கேட்காத கேள்வி.

1956 நவம்பர் 1 அன்று அந்த ஊர் திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து நம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம். எங்கள் செங்கோட்டையும் அதே நாளில் வந்ததுதான். திருவிதாங்கூர்க் காசில் 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்டு வளர்ந்தவர் என் அப்பா.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. திருவிதாங்கூர் ராஜாவுக்குக் குற்றாலத்திலும் ஓர் அரண்மனை உண்டே! வெள்ளைக்காரன் ஆண்ட திருநெல்வேலி ஜில்லாவுக்குள், ஐம்பது ஏக்கருக்கும் மேலான இடத்தோடு. இன்று அது கேரளப் பொதுப்பணித் துறையின் விருந்தினர் மாளிகை. பக்கத்திலிருப்பதை விட்டுவிட்டு, பேத்தியை நான்கு மணி நேரம் காரில் உட்கார்த்தி வைத்திருக்கிறேன்.

சொத்து யாருக்கு என்ற வழக்கு எனக்கு வேண்டாம். கேரளமே வைத்துக்கொள்ளட்டும்; பத்மநாபபுரத்தை நன்றாகத்தானே வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கூடத்தை டிக்கெட் போட்டுத் திறக்கட்டும். வெள்ளம் என்று அருவியில் குளிக்கத் தடை போடும் நாளில் வந்த கூட்டம் என்ன செய்கிறது? நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டு வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் அரைமணி நேரம் நின்று பார்க்க, 1956க்கு முந்தைய எல்லை வரைபடம், பழைய படங்கள், காசுகள் இருந்தால் போதும்.

அப்பாவின் தகர டப்பாவில் நாலு சக்கரம் கிடக்கிறது. கூடம் திறந்தால் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.