மருந்தைப் போல சங்கீதமும் பாத்தியதையே

"சங்கீதம் வயிற்றை நிரப்புமா?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. நிரப்பாதுதான். ஆயினும் மான்செஸ்டரில் நடப்பதைக் கொஞ்சம் கேளுங்கள்.

பஞ்சாலைகளால் பெயர்பெற்ற இங்கிலாந்து நகரம் அது. அங்கே தொழிலாளி பட்ட பாட்டை 1845-ல் எங்கெல்ஸ் தமது நூலில் எழுதிவைத்தார். அந்நகரில் 1972-ல் துவங்கியது 'மான்செஸ்டர் கேமராட்டா' என்ற சிறு வாத்தியக் குழு. 2012 முதல் இக்குழுவினர் மறதி நோய் கண்ட முதியோரை நாடிச் செல்கிறார்கள். பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்தவர்களும் அவர்களில் உண்டு.

இது கச்சேரி அல்ல. மேடை கிடையாது. எல்லோரும் வட்டமாக உட்காருகிறார்கள். வாத்தியக்காரர் ஒருவர், இசையால் சிகிச்சை செய்யப் பயின்றவர் ஒருவர். முதியவர் கையில் சிறு மேளத்தையோ மணியையோ கொடுக்கிறார்கள். அவர் தட்டும் தாளத்தை ஒட்டி வித்வான் வாசிக்கிறார்! முதியவர் முன்னால், வித்வான் பின்னால். நமக்குப் பிடித்தது இதுதான்.

நோய் இதனால் தீராது. ஆனால் பேச்சு குன்றிய பிறகும் பழைய பாட்டு நெஞ்சில் தங்கியிருப்பதுண்டு. அது கிளம்பும்போது மனிதர் மீண்டும் மனிதராகிறார்.

நமது ஆட்சேபம் வேறு. மானியத்தையும் நன்கொடையையும் நம்பி இவ்வேலை நடக்கிறது. மானியம் நின்றால் வயலினும் நிற்கும். ஆயுள் முழுதும் உழைத்தவருக்கு மருந்து பாத்தியதை என்றால் இதுவும் பாத்தியதையே, தர்மமல்ல. சர்க்கார் நிரந்தரமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

முதியோரைக் குளிப்பாட்டி உணவூட்டும் பணியாட்கள் அங்கும் சொற்பக் கூலிக்காரர்கள்தான். அவர்களையும் வட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்லது. கூலியையும் கூட்டிக் கொடுக்கட்டும்.