ஒளிர்ந்தது சரி, எந்த நீரில்?

ஒளிர்சாய உணரிகள் குறித்த ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு படம் பெரும்பாலும் இடம்பெறுகிறது. வரிசையாகச் சிறு குப்பிகள். புறஊதா விளக்கின் கீழ் அவற்றுள் ஒன்று மட்டும் ஒளிர்கிறது. அந்த ஒளியோடு கேள்வி முடிந்துவிட்டதாகக் கருதுவது பிழை.

இத்தகைய மூலக்கூறில் இரண்டு பகுதிகள் உண்டு: அயனியையோ சர்க்கரையையோ பற்றும் ஏற்பி, அதை ஒளியால் அறிவிக்கும் சாயம். அமீன் ஏற்பி வெறுமையாக இருக்கையில், நைட்ரஜனின் தனி இணையிலிருந்து ஓர் எலக்ட்ரான் கிளர்வுற்ற சாயத்துக்குத் தாவி ஒளிர்வைத் தணிக்கிறது. உலோக அயனி அந்த இணையைப் பற்றிக்கொண்டால் தாவல் தடைப்படுகிறது, சாயம் ஒளிர்கிறது. இந்நெறியை வளர்த்தெடுத்த முன்னோடிகளுள் ஒருவர், இலங்கையில் பிறந்து பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய பிரசன்ன டி சில்வா.

இறுகப் பற்றும் உணரியே சிறந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ரோஜர் சியன் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஃபியூரா-2 அதற்கு மறுப்பு. கால்சியத்துக்கான அதன் பிரிகை மாறிலி ஏறத்தாழ 224 நானோமோலார். ஓய்விலுள்ள உயிரணுவில் கட்டற்ற கால்சியம் ஏறத்தாழ 100 நானோமோலார். பிணைப்பு பன்மடங்கு வலுத்திருந்தால் சாயம் எந்நேரமும் நிறைந்தே இருக்கும். ஏற்ற இறக்கத்தைக் காட்டாது.

சர்க்கரைக்கும் இதுவே விதி. ஒற்றைப் போரானிக் அமிலம் குளுக்கோசைவிடப் பிரக்டோசையே வலுவாகப் பற்றும். 1994இல் டோனி ஜேம்ஸ், செய்ஜி ஷிங்காய் குழுவினர் ஆந்த்ரசீனோடு இரு போரானிக் அமிலங்களைக் குளுக்கோசின் வடிவுக்கேற்ற இடைவெளியில் இணைத்து அத்தெரிவை மாற்றினர். 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, தோலடியில் பதிக்கும் எவர்சென்ஸ் கருவியும் போரானிக் அமில வேதியியலையே அடிப்படையாகக் கொண்டது.

இனி, கட்டுரைகளின் முன்னுரைகள் அடிக்கடி சுட்டும் குடிநீருக்கு வருவோம். இந்தியத் தரநிலை ஈயத்துக்கு வகுத்த எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 48 நானோமோலார். கால்சியத்துக்கு அது ஏற்கும் அளவு 75 மில்லிகிராம். அயனிகளை எண்ணினால், ஓர் ஈய அயனிக்கு ஏறத்தாழ 39,000 கால்சிய அயனிகள்! போட்டி அயனிகளைச் சில மடங்கு மட்டும் சேர்த்து, அசிட்டோநைட்ரைல் மிகுந்த கரைசலில் 'உயர் தெரிவுத்திறன்' என முடிவுகூறும் கட்டுரை, கிணற்று நீரைப் பற்றி எதையும் நிறுவிவிடவில்லை.

கரிமக் கரைப்பானில் செய்யும் ஆய்வு வீண் என்பதன்று. பிணைப்பின் இயங்குமுறையை அறிய அது தெளிவான களம். ஆனால் அதை இயங்குமுறை ஆய்வு என்றே அழைக்க வேண்டும். முன்னுரையில் மக்களின் குடிநீரைக் காட்டிவிட்டுச் செய்முறையில் நீரையே தவிர்ப்பது அறிவியல் நேர்மைக்கு இழுக்கு.

ஆகவே, ஆய்வேட்டை மதிப்பிடுவோர் 'எத்தனை மடங்கு ஒளிர்ந்தது?' என்பதற்கு முன், 'எந்த நீரில், எந்தச் செறிவில், எவற்றின் நடுவே?' என்று வினவ வேண்டும். ஏற்பிகளைக் கால்சியமே நிரப்பிவிட்டால் ஈயம் இருந்தும் குப்பி ஒளிராமல் போகலாம். அந்த இருண்ட குப்பியை நம்பி ஒரு குடும்பம் அந்த நீரைப் பருகக்கூடும்.