பழைய பேப்பர் கடைக்காரரைக் கேளுங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. வெள்ளம் வடிந்த பிறகுதான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்தில் தங்கை வீட்டுக்குப் போக முடிந்தது. வேலிக் கம்பி முழுக்கக் குப்பை. பிடுங்கிப் போட்டேன். எல்லாம் ஷாம்பு சாஷேக்கள், சிப்ஸ் பாக்கெட்டுகள். பால் கவர் ஒன்றிரண்டுதான்.

திண்டிவனத்துக்காரர்கள் பால் வாங்குவதில்லையா என்ன? பால் கவர் முழுக்கப் பாலித்தீன். கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுப்பார்கள். சாஷேவோ பாலியெஸ்டர், அலுமினியம், பாலித்தீன் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிக்கும் செலவு கட்டுப்படியாகாது. எவரும் தொடமாட்டார்கள்.

சாஷேவுக்கு முன்னோடி நம் பழைய தென்னாற்காட்டுக்காரர், கடலூர் சின்னி கிருஷ்ணன். பணக்காரர் வாங்குவதைக் கூலிக்காரரும் வாங்கட்டும் என்று நினைத்தவர். அதில் எனக்குப் பெருமைதான். குறை சொல்வது சின்னப் பொட்டலத்தை அல்ல, அது எதனால் செய்யப்படுகிறது என்பதை.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. சரி, மஞ்சப்பை தூக்குகிறோம். கம்பெனிகள் என்ன செய்தன? மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்று 2016-இல் மத்திய அரசு விதி போட்டது. கெடு முடியும் நேரத்தில், 2018-இல், எரித்து எரிசக்தி எடுக்க முடிந்தாலோ வேறு உபயோகம் இருந்தாலோ போதும் என்று அதே விதியைத் தளர்த்திவிட்டார்கள். நமக்கு அபராதம், அவர்களுக்குச் சலுகை!

இப்போது ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று புதுப் பேச்சு. அதில் பல வகை மக்குவதற்கு உரக்கூடத்தில் 58 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கிடங்கல் ஏரியில் அந்தச் சூடு ஏது?

காற்றும் ஈரமும் புகாமல் இருக்க அடுக்குகள் தேவை என்பார்கள். பாலித்தீனிலேயே அடுக்குகள் வைத்துச் செய்யும் முறை வந்துவிட்டது. செலவு கூடலாம். இன்றைக்கு அந்தச் செலவை நம் வாய்க்கால்தான் கொடுக்கிறது.

உங்கள் பேரப்பிள்ளைகளில் யாராவது பேக்கேஜிங் வேலையில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். உறையை வரைவதற்கு முன் ஒரு நாள் பழைய பேப்பர் கடையில் போய் உட்காரட்டும். அந்தத் தராசில் ஏறாத எதையும் செய்ய வேண்டாம்.