விண்மீனை மறந்து நட்சத்திரம் கேட்கிறோம்

சில ஆண்டுகளுக்கு முன், தலைநகரில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அவருடைய மகளுக்கு வரன் பேசினார்கள். இரு வீட்டாரும் தமிழர். இரு குடும்பங்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தில்லியில் வேரூன்றியவை. பெண் நன்கு படித்தவள், பையனும் அவ்வாறே. எல்லாம் பொருந்தி வந்த வேளையில் பையனின் தந்தை, "குழந்தையின் நட்சத்திரம்?" என்று வினவினார். "மூலம்" என்றார் நண்பர். அத்துடன் பேச்சு முடிந்தது. வந்தவர்கள் காப்பி அருந்தினார்கள், தில்லியின் வெயிலைப் பற்றிச் சற்று உரையாடினார்கள், விடைபெற்றுச் சென்றார்கள்.

வாயில்வரை வழியனுப்பச் சென்ற நான் அப்பெரியவரிடம் ஒன்று கேட்டேன். அவர் பௌதிகம் பயின்று பட்டம் பெற்றவர் என்பதை அறிந்தே கேட்டேன். "ஐயா, இந்த மூலம் வானத்தில் எந்தத் திசையில் இருக்கிறது?" அவர் என்னை வியப்புடன் நோக்கினார். பின்பு, "அதெல்லாம் பஞ்சாங்கத்தில் இருக்கும்" என்றார்.

அவர் ஒருவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இதே வினாவை நம் சங்கத்து உறுப்பினர் குடும்பங்களில் யாரிடம் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும் என அஞ்சுகிறேன். பெயர் சூட்டும்போது நட்சத்திரம் கேட்கிறோம்; அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது நட்சத்திரம் சொல்கிறோம்; மணப்பொருத்தத்தில் பத்துப் பொருத்தமும் நட்சத்திரத்தைக் கொண்டே பார்க்கிறோம். ஆனால் வாழ்நாளில் ஒரு முறையேனும் நம் பிறந்த நட்சத்திரத்தைக் கண்ணால் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? காணாத ஒன்றின்பேரில் ஒரு பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கிறோமே, இது எவ்வகை நியாயம்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒருவருடைய நட்சத்திரம் என்பது அவருக்கென ஒதுக்கப்பட்ட விண்மீன் அன்று. திங்கள் விண்மீன்களின் ஊடே நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை கிழக்கு நோக்கி நகர்ந்து, 27 நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் கொண்டு ஒரு சுற்றை நிறைவு செய்கிறது. அவ்வழியை 27 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றுக்கும் அங்கு ஒளிரும் விண்மீனின் பெயரை முன்னோர் இட்டனர். குழந்தை பிறந்தபோது திங்கள் எந்தக் கூற்றில் நின்றதோ அதுவே அதன் நட்சத்திரம். ஆகவே ஒரே பொழுதில் உலகெங்கும் பிறக்கும் குழந்தைகள் அனைவர்க்கும் ஒரே நட்சத்திரம். கணக்கிட்டுப் பாருங்கள்: உலகில் 27 பெண்களுக்கு ஒருத்தி மூலத்தில் பிறந்தவள். அத்தனை பெண்களும் புகுந்த வீடுகளில் மாமனார்கள் எல்லாம் மாண்டு போயினரோ? சீனத்திலும் செருமனியிலும் மூலத்துப் பெண்கள் மணமுடித்து வாழவில்லையோ?

மூலம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தென்வானில் தேளின் வடிவில் வளைந்து கிடக்கும் விண்மீன் கூட்டத்தில் செந்நிறமாகச் சுடர்வது கேட்டை. அதன் கீழே வளைந்து சென்று கொடுக்கில் முடியும் வால்தான் மூலம். கொடுக்கின் முனையில் இரு விண்மீன்கள் நெருங்கி நிற்கும். ஆடி மாதத்து இரவில் வானம் வெளுத்திருந்தால் தில்லியிலும் காணலாம். அவற்றின் ஒளி நம்மை வந்து சேரப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. பையனின் தந்தை அஞ்சுகின்ற அந்த ஒளி, அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் பிறக்கும் முன்னரே புறப்பட்டு விட்டது. இப்பெண்ணின் பிறப்பை அது எவ்வாறு அறியும்?

இனி, விண்மீன்கள் வானில் செல்லும் செலவைக் காண்போம். நம் குழந்தைகள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் சாளர ஓரத்தில் அமர்ந்து ஊருக்குச் செல்கையில், மரங்களும் தந்திக் கம்பங்களும் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் விண்மீன்கள் கிழக்கே எழுந்து மேற்கே சாய்வதாகத் தோன்றுவதும் அத்தகையதே. மணிக்கு 15 பாகை அவை நகரும். கையை நேரே நீட்டி மூடிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆக, மணிக்கு ஒன்றரை முட்டி. கருவி ஏதும் வேண்டா. ஒரு மொட்டை மாடியும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும்.

விண்மீன்களை நோக்க, பூமி ஒரு சுழற்சியை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. ஆதலின் ஒரு விண்மீன் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக எழுகிறது. ஒரு திங்களில் இரண்டு மணி நேரம். ஓராண்டில் முழுச் சுற்று. கார்த்திகை மாத மாலையில் கீழ்வானில் எழுகின்ற அறுமீன், பங்குனி மாலையில் மேல்வானில் சாய்ந்து, வைகாசியில் கதிரவனின் ஒளியில் மறைந்து, பின்னர் விடியற்காலையில் மீண்டும் கிழக்கே தோன்றும். நம் மாதப் பெயர்களும் திருவிழாக்களும் இந்த ஓட்டத்தில் விளைந்தவையே. கார்த்திகை விளக்கீடு நிறைமதி அறுமீனை அடுக்கும் இரவு. அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர் அவ்விரவைப் பாடியிருக்கிறார். வைகாசி விசாகமும், தைப்பூசமும், மாசி மகமும், பங்குனி உத்தரமும் இவ்வாறே மதியும் மீனும் கூடும் நாள்கள். விழாக்களை விடாது கொண்டாடுகிறோம். அன்றிரவு தலையை உயர்த்தி நோக்குவோர்தாம் இல்லை.

புறநானூற்றின் 229ஆம் பாட்டைக் கூடலூர் கிழார் பாடினார். சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்த செய்தியைக் கூறும் பாட்டு அது. பங்குனி மாதத்து நள்ளிரவில் ஒரு மீன் வீழக் கண்டு, மன்னனுக்குத் தீங்கு நேருமோ எனப் புலவர் அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் மறைந்தான் என்பது செய்தி. அந்த இரவின் வானத்தை அவர் குறித்திருக்கும் திறத்தைப் பாருங்கள். உச்சியில் நின்ற மீன் சாயத் தொடங்குகிறது. அதற்கு எட்டாம் மீன் கிழக்கே எழுகிறது. அதற்கு முன் சென்ற எட்டாம் மீன் மேற்கே அமிழ்கிறது. உச்சியில் உத்தரம், எழுவது மூலம், அமிழ்வது மிருகசீரிடம் எனப் பழைய உரைகாரர் தெளிவுறுத்துகிறார். மார்ச் இறுதி வாரத்து நள்ளிரவில் மதுரையில் ஒரு மாடியில் நின்று நோக்கினால் இன்றும் இம்மூன்றையும் ஏறக்குறைய அவ்வவ்விடங்களிலேயே காணலாம். கண்ணால் நோக்கியவன் மட்டுமே எழுதக்கூடிய பாட்டு அது.

அந்தப் புலவரிடம் அச்சமும் இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. வீழ்ந்தது விண்மீன் அன்று. காற்று மண்டலத்தில் எரிந்து போன ஒரு சிறு கல் என்பதை இன்று பள்ளிப் பிள்ளையும் அறியும். அதை அறிய அவருக்கு வழியில்லை. ஆனால் அவரிடம் அச்சத்தோடு பார்வையும் இருந்தது. நாமோ அறிய வழியிருந்தும் அச்சத்தை வைத்துக்கொண்டு பார்வையைக் கைவிட்டோம். எதைத் துறந்திருக்க வேண்டுமோ அதைச் சுமந்து வந்தோம். எதைச் சுமந்து வந்திருக்க வேண்டுமோ அதை ஊரிலேயே விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. மதுரையும் தில்லியும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் உள்ளவை. எனினும், மதுரையில் உத்தரம் உச்சியைக் கடந்து சற்று நேரத்தில் மூலம் எழும். தில்லியிலோ அதற்கும் மேல் ஒரு மணி நேரத்திற்குக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஏன்? நாம் வடக்கே வந்துவிட்டோம். தென்வானத்து மீன்கள் நமக்குத் தாழ்ந்துவிட்டன. கன்னியாகுமரியில் துருவ மீன் தொடுவானுக்கு மேல் 8 பாகை உயரத்தில் நிற்கும், சென்னையில் 13, தில்லியில் 28½. பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் எனப் பெருக்கினால், குமரிக்கு வடக்கே நாம் 2,200 கிலோமீட்டருக்கு மேல் வந்திருப்பதை வானமே சொல்லும். தென்திசை முனிவரான அகத்தியரின் பெயர் பெற்ற விண்மீன் சென்னையில் 24 பாகை உயரம்வரை ஏறும். தில்லியில் 9 பாகையைக்கூட எட்டுவதில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கே மறைப்பில்லாத மாடியிலிருந்து தேடினால், புகைக்கு மேலே மங்கலாக நிற்பதைக் காணலாம். புலம்பெயர்ந்த தமிழ்க் குழந்தைக்கு, "நாம் எங்கிருந்து வந்தோம்" என்று காட்ட இதைவிட மேலான பாடம் உண்டோ?

இதற்கு மூவகை மறுப்புகள் எழும் என்பதை அறிவேன்.

"தில்லியில் வானம் ஏது? புகையும் விளக்கொளியும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டனவே" என்பார் முதல்வகையினர். உண்மையே, பால்வீதியை நகரத்தில் காண இயலாது. ஆயினும் உரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சோதி, கேட்டை, திருவோணம் முதலியவை நகர வானிலும் மறையாத ஒளி படைத்தவை. மழை ஓய்ந்த புரட்டாசி இரவில் வெளியே வந்து பாருங்கள். வானம் இல்லாமற் போகவில்லை. நாம் வெளியே வராமற் போனோம்.

"எல்லாவற்றையும் நம் முன்னோர் என்றோ கண்டுவிட்டனர்" என்று பெருமை பேசுவார் இரண்டாம் வகையினர். பூமிதான் சுழல்கிறது, விண்மீன்களின் ஓட்டம் வெறும் தோற்றம் என்று, ஓடத்தில் செல்பவனைச் சான்று காட்டி 499இல் ஆரியபட்டர் எழுதினார். மெய்தான். ஆனால் 628இல் நூல் செய்த பிரமகுப்தர் அதை மறுத்தார்; பின்வந்த உரையாசிரியர் சிலர் ஆரியபட்டரின் சொல்லுக்கே வேறு பொருள் கற்பித்து, பூமியை அசையாது நிறுத்தினர். அவர் கண்டதற்கு நாம் பெருமை கொள்வோமாயின், அதை மறுத்ததற்கு நாணவும் வேண்டாவா? மூலத்தின் திசையை ஒட்டியே நம் பால்வீதி மண்டலத்தின் மையம் உள்ளது என்று அறிஞர் கண்டதும், "அதனாலன்றோ மூலம் எனப் பெயரிட்டனர்!" என்று மேடையில் முழங்குகின்றனர். அந்த மையத்தை அறியும் கருவி எதுவும் முன்னோரிடம் இல்லை. அவர்களிடம் இருந்தது கூர்ந்த பார்வை. அதைப் பொய்ப்பெருமையால் மூட வேண்டா.

"பஞ்சாங்கம் இருக்கையில் வானம் எதற்கு?" என்பார் மூன்றாம் வகையினர். எந்தப் பஞ்சாங்கம்? வாக்கியம் ஒரு நேரம் சொல்கிறது; திருக்கணிதம் வேறு நேரம் சொல்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே தலைமுறைகளாக வழக்கு நடக்கிறது. மாடியேறிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோர் அரியர். தை முதல் நாளில் கதிரவன் வடக்கே திரும்புகிறான் என்று இன்றும் சொல்கிறோம். அவன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள். பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒரு முறை பம்பரத்தின் தலைபோல் வட்டமிடுவதால், 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் இவ்வேறுபாடு பெருகி வந்திருக்கிறது. பொங்கல் உழவர் திருநாள். அது தை முதல் நாளிலேயே நிற்கட்டும். ஆனால் 1,700 ஆண்டுகளுக்கு முன் மெய்யாக இருந்த ஒன்றை இன்றைய மெய்யாகப் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் தகாது.

அன்பர்களே! நட்சத்திரப் பெயர்களைத் துறக்குமாறு நான் வேண்டவில்லை. அவை அழகிய பெயர்கள். நம் விழாக்களையும் இலக்கியத்தையும் தாங்கி நிற்பவை. அவற்றை மீண்டும் வானத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நம் சங்கம் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறது, இசைவிழா நடத்துகிறது. பங்குனியில் ஓர் இரவைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கி, கட்டடத்தின் மாடியில் கூட்டி, உத்தரம் உச்சிக்கு வருவதையும் மிருகசீரிடம் அமிழ்வதையும் மூலத்திற்காகக் காத்திருப்பதையும் காட்டலாகாதா? பெண் கேட்டு வருவோர் எவரும் நட்சத்திரத்தைக் கேட்கும் முன் அதை வானில் காட்ட வேண்டும் என்றொரு வழக்கம் ஏற்படுமாயின், பாதிப் பேர் கேட்பதையே விட்டுவிடுவார்கள். மறுபாதிப் பேர் கண்ட பின் அஞ்சுவதை விட்டுவிடுவார்கள்.

அந்த நண்பரின் மகளை மறு ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் விடியுமுன் ஐந்து மணிக்கு, அவள் தந்தையுடன் மாடிக்கு அழைத்துச் சென்றேன். தெற்கே, அண்டை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, தேளின் கொடுக்கு நன்றாகத் தெரிந்தது. முனையிலிருந்த இரு மீன்களையும் சுட்டிக் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இதற்கா இத்தனை பேச்சு?" என்றாள்.

அவள் தந்தையிடம் அதற்கு விடை இல்லை. என்னிடமும் இல்லை.